அக்கரைப்பற்றில் நின்ற குருநகர் வள்ளங்கள்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
11.08.2024

அன்பு மகள் ஜெயனிக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகனும் அந்த ஊரின் ஓயாத மழையில் நனைந்து நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்கவேண்டுமென்று அம்மா செபமாலையில் ஒரு மணியை உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் கையால் கடிதம் எழுதுகிறாரே, அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயப்படாதே. ஒன்றும் நடக்கவில்லை. வட்சப்பில் முகம் பார்த்துக் கதைத்தால் நான் குரலை உயர்த்துகிறேன் என்கிறாய், நீ ஒரு பொத்தானை அமத்தி என் சத்தத்தைக் குறைக்கிறாய், பிறகு சிக்னல் போய்விட்டது என்கிறாய். மின்னஞ்சலில் எழுதலாமென்று போனால் அது என்னை யாரென்று தெரியாது என்கிறது, பதினைந்து வருடமாக அதே கதிரையில் இருந்து அதே மேசையில் திறக்கிற என்னைச் சந்தேகிக்கிறது. நான்தான் நானென்று நிரூபிக்க, வீதி விளக்குப் படங்களெல்லாம் எவை என்று என்னைக் காட்டச் சொல்கிறது. நான் ஏன் காட்டவேண்டும்? ஆகையால் இந்தத் தாளும் பேனையும். தபாலகத்தில் ஒட்டிக் கொடுத்தால் மூன்று கிழமையில் உன் கைக்கு வரும். முழுவதையும் வாசி. இடையில் நிறுத்துகிற பொத்தான் இதில் இல்லை.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் முழங்கால் பெருநாளுக்கு முன் மோசமாக இருந்தது, இப்போது பரவாயில்லை. வைத்தியரைப் பார்க்க நேரம் எடுக்கவும் ஒரு செயலி வந்திருக்கிறது, அதில் பிறந்த வருடத்தைத் தெரிவுசெய்ய 2024 இலிருந்து 1969 வரை விரலால் தள்ளித் தள்ளிப் போகவேண்டும், போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. முழங்கால் வலிக்காரிக்கு விரல் வலியும் வந்ததுதான் மிச்சம். நான் நேரே போய் வரிசையில் நின்று துண்டெடுத்து வந்தேன். கோயில் பெருநாள் நன்றாக நடந்தது, இந்த முறை சுரூபம் சுற்றி வருகையில் சோளகக் காற்றுப் பெலப்பாக அடித்து மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை. பின் மதிலோரம் நீ நட்ட மாதுளை காய்த்திருக்கிறது, அணில் விட்டால் நாங்கள் தின்போம். அம்மா உனக்குப் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறாள், அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுவாள். அந்தத் தூள் உறைப்புக் கூட, மருமகனுக்குக் குறைத்துப் போடு.

இனி விசயத்துக்கு வருகிறேன். மீனவர் சங்கத் தலைவர் யாகப்பு உன் மின்னஞ்சலைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தான். நீ அவனுக்கு எழுதினாய் என்பதே எனக்கு அங்கே வைத்துத்தான் தெரியும். என்ன நடந்ததென்று உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ, நான் ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிற பலகையை உனக்குத் தெரியும். பலகை என்று நான்தான் பெயர் வைத்தேன், உங்கள் மொழியில் அது ஒரு சேர்வர். பழைய கொம்பியூற்றர் ஒன்று, மாதா சுரூபத் தட்டுக்குக் கீழே, மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு கார் பற்றரி. யாருடைய கம்பனியிலும் வாடகைக்கு இடம் எடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எல்லாம் நானே எழுதி நானே ஓடவிட்டது. கைப்பேசியில் திறந்தால் ஒரே ஒரு பக்கம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பொத்தான். வள்ளம் வெளிக்கிட்டு இஞ்சின் சத்தம் ஓய்ந்த பிறகு வீட்டிலிருக்கிற மனிசி அல்லது தாய் அதை ஒரு தரம் அமத்துவாள், வரி "கடலில்" என்று மாறும். வள்ளம் வந்து கட்டியதும் மறுபடி ஒரு தரம் அமத்துவாள், "கரையில்" என்று மாறும். அவ்வளவுதான். எப்போது வருவீர்கள் என்று பலகை யாரையும் கேட்பதில்லை. முந்தைய நாள்களில் அந்த வள்ளம் எத்தனை மணிக்கு வந்ததென்று தானே பார்த்து வைத்துக்கொள்ளும், வழமையான நேரம் கடந்து கன நேரமாகியும் வராவிட்டால் அந்த வரி சிவந்து, வீட்டுக்கும் எனக்கும் இறங்குதுறையில் சிலருக்கும் செய்தி போகும். நீ போன வருடம் வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தாய். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்காத காலத்துப் பக்கம் மாதிரி இருக்கிறது அப்பா என்றாய். நான் மறக்கவில்லை.

ஏன் கேட்பதில்லை என்று உனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை, நீ இந்தக் கரையில் வளர்ந்தவள். தொழிலுக்கு வெளிக்கிடுகிறவனிடம் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள், எப்போது என்றும் கேட்கமாட்டார்கள். அவனும் போட்டு வாறன் என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டான். வருகிற மணித்தியாலத்தைத் தன் வாயால் சொல்லிவிட்டுக் கடலில் இறங்குகிறவன் குருநகரில் இல்லை. பூசைக்கு ஒரு நாளும் தவறாதவனும் சொல்லமாட்டான், கோயில் வாசலை மிதிக்காதவனும் சொல்லமாட்டான். அதோடு எங்கே மீன் படுகிறதென்று அடுத்த வள்ளத்துக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கவும் எவனுக்கும் விருப்பமில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு அந்த அலைத்துணை என்ற செயலியைச் சங்கம் கொண்டுவந்தது. யாகப்பு தலைவரல்லவா, அவனுக்குப் படம் எடுப்பதற்கு ஒரு திறப்புவிழா வேண்டும். கொழும்புக் கம்பனி ஒன்று செய்தது. அதைக் கொண்டுவந்த பொறியியலாளர் ஜெயசுதன், மரியாதையான பிள்ளை, தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் வள்ளத்தில் ஏறினவரல்ல. செயலியில் நான்கு திரை. முதலில் இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்புவார்கள், அதைப் பதியவேண்டும். பிறகு எத்தனை பேர் என்று கேட்கும். மூன்றாவது திரையில் "எங்கே போகிறீர்கள்?" நான்காவது திரையில் "எத்தனை மணித்தியாலத்தில் திரும்புவீர்கள்?" நிரப்பாவிட்டால் "அடுத்து" என்ற பொத்தான் செத்துப்போன சாம்பல் நிறத்தில் கிடக்கும், அமத்த அமத்த அசையாது. பதிவு செய்யாமல் போனால் எரிபொருள் மானியம் கிடையாதென்று யாகப்பு அறிவித்துவிட்டான். பெடியங்களும் கிழவன்மாரும் சுடுசட்டியைத் தூக்கியதுபோல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு துறையில் நின்றார்கள். கடைசியில் எல்லாரும் செய்தது ஒன்றுதான். இடங்களின் பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் இருந்தது அக்கரைப்பற்று, எல்லாரும் அக்கரைப்பற்றை அமத்தினார்கள். நான்காவது திரையில், தெற்கில் நாள்கணக்காகக் கடலில் நிற்கிற பெரிய கலங்களை நினைத்து அந்தப் பிள்ளை எழுபத்திரண்டு மணித்தியாலம் என்று முதலே போட்டு வைத்திருந்தார், எவனும் அதைத் தொடவில்லை. ஆக, சித்திரையிலிருந்து குருநகர் வள்ளங்கள் முழுவதும் தினமும் பின்னேரம் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்றில் போய் நின்றன, மூன்று நாளைக்கு யாரும் அவற்றைத் தேடத் தேவையில்லை. கொழும்பில் யாரோ ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்து அக்கரைப்பற்றில் மீன் பெருகிவிட்டதென்று நினைத்திருப்பார்.

நான் இதை யாகப்புவிடம் அப்போதே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். திரையில் "திரும்பிவிட்டேன்" என்ற பொத்தானில் பாதிச் சொல் வெட்டுப்பட்டு "திரும்பிவி" என்று நிற்கிறது, ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டிக்குள் தமிழ் நுழையவில்லை என்று சொன்னேன். ஆபத்துப் பொத்தானைப் பெருவிரல் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள், சும்மா தொட்டாலும் அலறுகிறது என்றேன். அதற்கு அடுத்த அப்டேற்றில் அந்தப் பொத்தானை மூலையில் இருக்கிற மூன்று கோட்டு அடையாளத்துக்குள் ஒளித்து, அமத்தினால் உறுதியாகவா, உண்மையாகவே உறுதியாகவா என்று இரண்டு தரம் கேட்கவைத்தார்கள். யாகப்பு எனக்குச் சொன்ன மறுமொழி, உனக்கு உன்ரை பழைய இரும்பில பாசம், வள்ளமில்லாதவன் சங்கத்துக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்பது. பத்தாம் வகுப்பில் என் கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதிச் சித்தியடைந்தவன் சொல்கிறான். கந்தோரில் நான் எழுதிய நிரலுக்கு மேலதிகாரி தன் பெயரைப் போட்டு மேடையேறியபோது வாயைப் பொத்திக்கொண்டு ஓய்வெடுத்து வந்தவன் நான். ஒரு தரம் பொத்தினால் போதும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

இதற்குள் உன் மாமா அருட்செல்வன் செய்ததையும் கேள். வேலி விசயத்தில் அவன் என்னோடு கதைக்காமல் விட்டு இரண்டு வருடமாகிறது, நானும் கதைக்கவில்லை, எனக்கு அவசரமுமில்லை. செயலி வந்த அன்றே முதல் ஆளாகப் பதிந்துவிட்டு, என் பலகையிலிருந்து தன் வள்ளத்தை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினான். எடுப்பதற்கு நான் ஆயத்தம். ஆனால் அடுத்த நாளே அவன் மனிசி, உன் ஸ்ரெல்லா மாமி, அம்மாவிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டாள், அண்ணை எடுக்கவேண்டாம், அவர் எங்கை வேணுமெண்டாலும் பதியட்டும், நான் அமத்துவன் என்று. பலகையில் இருப்பது வீட்டுப் பெயர்தானே. என் தங்கச்சி வீட்டு வரி அவளுடையது, அவனுடையதல்ல. விட்டுவிட்டேன். அவள் ஒரு நாளும் தவறாமல் அமத்திக்கொண்டு வந்தாள், அவனுக்குத் தெரியாது.

பெருநாள் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கைப்பேசி அதிர்ந்தது. ஸ்ரெல்லா வீடு, சிவப்பு. நான் கை கழுவ எழும்புவதற்குள் இரண்டு வருடமாகத் திறக்காத பின்படலையைத் திறந்துகொண்டு அவளே வந்துவிட்டாள். அழவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டிக்கொண்டு, "அண்ணை, அவர் இன்னும் வரேல்லை. ஒரு நாளும் இவ்வளவு செல்லாது," என்றாள். சோளகம் முதல் நாள் பின்னேரத்திலிருந்தே மூசிக்கொண்டிருந்தது. நான் சேட்டைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன், அவள் என் பின்னால் வந்தாள்.

யாகப்பு சங்கக் கட்டடத்தில் இருந்தான், அங்கே பத்துப் பதினைந்து பேர் வலை பிரித்துக்கொண்டு நின்றார்கள். அருட்செல்வன் வரவில்லை, வள்ளம் விடுங்கள் என்றேன். அவன் பதறவில்லை, செயலியைத் திறந்து எல்லாருக்கும் தெரியப் பிடித்தான். "இஞ்சை பார், கனிசியஸ். பச்சை. அக்கரைப்பற்று எண்டு போட்டிருக்கு, வியாழக்கிழமை பின்னேரம் வருவான் எண்டும் போட்டிருக்கு. உன்ரை இரும்பு சிவக்கிறதுக்கெல்லாம் சங்கம் டீசல் எரிக்கேலாது," என்றான்.

"அக்கரைப்பற்றுக்கு என்னத்திலை போனவன், பஸ்ஸிலையோ?" என்றேன்.

வலை பிரித்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது, ஏனென்றால் அங்கே நின்ற ஒவ்வொருவனும் முதல் நாள் பின்னேரம் தானும் அக்கரைப்பற்றைத்தான் அமத்தினவன். அருட்செல்வன் எங்கே வலை போடுகிறவனென்று அவர்களுக்குத் தெரியும், யாரும் வாயால் சொல்லாவிட்டாலும் தெரியும். யாகப்புவின் சொல்லுக்குக் காத்திராமல் மூன்று வள்ளம் இறங்கியது. ஸ்ரெல்லா துறையில் ஒரு மீன்பெட்டியில் இருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன், வெயில் ஏறியும் அவள் முக்காட்டைப் போடவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அருட்செல்வனின் வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இஞ்சின் இறுகிப்போய், அதைக் கிளப்பப் பார்த்த மரியநாயகத்தின் கை அதன் சுழலும் பட்டிக்குள் அகப்பட்டு, சாரத்தால் கட்டியும் இரத்தம் நிற்காமல் வெளுத்துப்போய்க் கிடந்தான். மரியநாயகம் அருட்செல்வனோடு பங்குக்குத் தொழில் செய்கிறவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். இரண்டு விரல் போய்விட்டது, கை தப்பிவிட்டது. பின்னேரம் வரை விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டான் என்று வைத்தியர் சொன்னார். செயலியின் ஆபத்துப் பொத்தானை அருட்செல்வன் அமத்தாமல் இல்லை. ஈரக் கையோடு மூன்று கோட்டைத் திறந்து, உறுதியாகவா என்ற இரண்டு கேள்விக்கும் ஓம் சொல்லி முடிய, நீண்ட நேரம் பாவிக்காததால் மறுபடி உள்நுழையவும் என்று வந்து, குறியீடு அனுப்புகிறோம் என்றதாம். நடுக்கடலில் எந்தச் சிக்னலில் குறியீடு வரும்?

இனிக் கூட்டம். போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சங்க மண்டபத்தில் கூடினார்கள். பலகையைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள் என்று நான் எதிர்பார்த்துப் போகவில்லை, ஆனால் நடந்ததையும் எதிர்பார்க்கவில்லை. ஜெயசுதன் மடிக்கணினியோடு வந்து, மிகவும் வருந்துகிறோம், அந்த எழுபத்திரண்டை அடுத்த அப்டேற்றில் பன்னிரண்டாக மாற்றிவிடுவோம், ஆனால் பாவிக்கிறவர்களும் சரியான தகவலைத் தரவேண்டும் என்றார். பிறகு யாகப்பு எழுந்தான். இரண்டு இடத்தில் பார்த்தால் குழப்பம், சிலர் இதைப் பார்க்கிறார்கள் சிலர் அதைப் பார்க்கிறார்கள், இனி ஒன்றுதான், கனிசியஸ் தன் மெசினை இந்த மாத முடிவோடு நிப்பாட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். நான் வாய் திறப்பதற்குள் பையிலிருந்து உன் மின்னஞ்சலை அச்சடித்து எடுத்தான். இது நான் சொல்லுறதில்லை, வெளிநாட்டிலை இதே வேலை செய்யிற அவரின்ரை சொந்த மகள் சொல்லுறது என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பக்கம் பாதுகாப்பில்லாதது, எந்தெந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்பதை உலகத்தில் யாரும் பார்க்கலாம், ஒரே ஒரு மனிதரின் வீட்டில் ஒரே ஒரு மெசினில் ஓடுகிறது, அப்பாவுக்கு நாளைக்குச் சுகமில்லாமல் வந்தால் அதைப் பார்க்க ஆளில்லை, நிறங்கள் கண் குறைந்தவர்களுக்குத் தெரியாது, ஆகவே அதை மெல்ல நிறுத்துவதே நல்லது என்று ஒவ்வொரு வரியாக வாசித்தான். அப்பா என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் என்னைப் பார்த்தான். கை உயர்த்தச் சொன்னான். கைகள் உயர்ந்தன. உயர்ந்த கைகளில் அருட்செல்வனின் கையும் ஒன்று. ஐந்து நாளைக்கு முன்னர் இழுத்து வந்து கரையில் போடப்பட்டவன், என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தினான். மரியநாயகம் ஆஸ்பத்திரியில், இல்லாவிட்டால் அவன் எந்தக் கையை உயர்த்தியிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்று ஒரு விசயம்தான் சொன்னேன். "சங்கம் சங்கத்தின்ரையை நிப்பாட்டட்டும். உது என்ரை வீட்டிலை என்ரை கரண்டிலை ஓடுது. நான் நிப்பாட்டமாட்டன்." சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் அற்புதராணி நின்றாள், மூலை வீட்டு அற்புதராணி, இரண்டு பெடியங்களும் தொழிலுக்குப் போகிறவர்கள். வள்ளம் இல்லாத பெண்களுக்குச் சங்கத்தில் கை உயர்த்த இடமில்லை, அதனால் எல்லாரும் வாசலில்தான் நின்றார்கள். மாஸ்ரர் உவங்கள் உயர்த்தினா உயர்த்தட்டும், அமத்திறது நாங்கள்தானே என்றாள். நான் ஒரு நாளும் படிப்பித்தவனில்லை, அவளுக்குக் கொம்பியூற்றர் தெரிந்தவனெல்லாம் மாஸ்ரர்.

அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. கோபம் யாகப்புவில் இல்லை, அவனில் இருக்கிற கோபம் பழையது, அது சோற்றைத் தடுப்பதில்லை. பின்னேரம் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள், "பிள்ளை பிழையாச் சொல்லேல்லை. பிழையான ஆளிட்டைச் சொல்லிப்போட்டுது." பிறகு நீ எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்தேன், யாகப்பு வாசித்த வாசிப்பில் எனக்கு அது பாடமாகிவிட்டது.

யாரும் பார்க்கலாம் என்றாய். அது சரி. இந்தக் கரையில் களவு எடுக்கிறவன் பலகை பார்த்து வரத் தேவையில்லை, துறையில் நின்று பார்த்தாலே போதும், ஆனாலும் சரி. இப்போது பலகை இந்தக் கரை வீடுகளின் கைப்பேசிகளில் மட்டும்தான் திறக்கும். ஸ்ரெல்லா வீடு வீடாகப் போய் ஒரு தரம் திறந்து கொடுத்தாள், கடவுச்சொல் ஒன்றையும் யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. நிறம் தெரியாது என்றாய். அதுவும் சரி, யாகப்புவின் தமையனுக்கே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இப்போது பிந்தின வரி மற்ற வரிகளைவிட இரண்டு மடங்கு தடிப்பு, எழுத்தில் "பிந்துது" என்றும் நிற்கும். உனக்காகத் திருத்தவில்லை. பிழை என்றபடியால் திருத்தினேன்.

எனக்குச் சுகமில்லாமல் வந்தால் என்றாய். இதுதான் அதிகம் குத்தியது, ஏனென்றால் அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. தவக்காலத்தில் ஒரு நாள் பலகையின் சான்றிதழ் காலாவதியாகி எல்லாக் கைப்பேசியிலும் சிவப்புத் திரையில் முன்னால் ஆபத்து என்று வந்ததே, அற்புதராணி அதைக் கடலில் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு கோயில் மணியை அடிக்கப்போனாளே, அன்றைக்கு நான் காய்ச்சலில் கிடந்தேன். இணையத்தில் எங்கோ இருக்கிற ஒருவன் மூன்று மாதத்துக்கொரு தரம் நான் நல்லவனென்று கையெழுத்திடவேண்டுமாம், இல்லாவிட்டால் என் பக்கம் கள்ளப் பக்கமாம். அதற்குக் கோபிக்கலாம், ஆனால் கோபம் அதைப் புதுப்பிக்காது. ஆகவே திங்கட்கிழமையிலிருந்து ஸ்ரெல்லாவையும் அற்புதராணியையும் இருத்திப் பழக்கினேன். வியாழக்கிழமை காலை நான் பலகையின் வயரைப் பிடுங்கிவிட்டு, எனக்குச் சுகமில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அம்மா உண்மையென்று நம்பிக் கொத்தமல்லி அவித்தாள். ஸ்ரெல்லா வயரைக் கண்டுபிடித்தாள், அற்புதராணி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினாள், முதலில் பிழையான பெயரால் நுழையப் பார்த்து, பிறகு சரியாக நுழைந்து, வரிகள் எல்லாம் வந்ததும் என் கட்டிலடியில் வந்து நின்று மாஸ்ரர் இனி நீங்கள் ஆறுதலாச் சாகலாம் என்றாள். இதைவிட நல்ல சான்றிதழை எந்தக் கம்பனி தரும்?

உன்னோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மாட்டேன். நீ எழுதியதில் ஒன்றே ஒன்று பிழை, அது கடைசி வரி. குறை எல்லாம் சரியாகக் கண்டாய், ஆகவே நிறுத்துவது நல்லது என்று முடித்தாய். அலைத்துணையில் ஒரு ஆளின் உயிரை எடுக்கப் பார்த்த குறை இருந்தது, அதை அடுத்த அப்டேற்றில் திருத்துவோம் என்றார்கள், ஒருவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. கம்பனிக்கு அடுத்த அப்டேற் இருக்கிறது, உன் அப்பாவுக்கு மட்டும் மாத முடிவா? அந்த எழுபத்திரண்டைப் பன்னிரண்டாக்கினாலும் அந்தக் கேள்வி அங்கேதான் நிற்கும், எங்கே என்றும் எப்போது என்றும். இவர்கள் அதற்கு ஒரு நாளும் உண்மை சொல்லமாட்டார்கள். நீ அந்தத் திரைகளை அவர்களுக்காகப் பார்த்துக் கொடுத்தாய் என்று கூட்டத்தில் ஜெயசுதன் பெருமையாகச் சொன்னார். நீ இந்தத் துறையில் மீன்பெட்டிகளுக்கு நடுவில் ஓடி விளையாடினவள், அந்த மூன்றாவது திரை உன் கண்ணில் படவில்லையா? பட்டும் பேசாமல் விட்டாயா? எது என்று எனக்கு எழுதவேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும்.

யாகப்பு நேற்றும் ஆள் அனுப்பினான், மாத முடிவு வருகிறது என்று நினைவூட்ட. மாத முடிவு எல்லா மாதமும் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அருட்செல்வனோடு நான் கதைக்கப் போவதில்லை, அவன் கையை உயர்த்தியதை நான் மறக்கப் போவதுமில்லை, வேலி விசயத்திலும் நான் ஒரு அங்குலம் விடமாட்டேன். புது இஞ்சின் பூட்டி இன்று பின்னேரம் மறுபடி இறங்கினான். சத்தம் ஓய்ந்ததும் ஸ்ரெல்லா அமத்தினாள். வரி மாறியதை இந்த மேசையில் இருந்தபடியே பார்த்தேன். விடிய அது மறுபடி மாறும்வரை பற்றரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை, அவன் யாருக்குக் கை உயர்த்தினாலும்.

சரி மகள், தாள் முடிகிறது. இரவில் கனநேரம் அந்தத் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுக்காதே, மருமகன் சமைக்கிற நாளில் குறை சொல்லாமல் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அம்மா பக்கத்தில் நின்று தன் முத்தங்களையும் எழுதச் சொல்கிறாள். இங்கிருந்தே உன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்துவிடுகிறேன், மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பலகையில் இன்னும் குறை இருக்கும், உன் கண்ணுக்கு என் கண்ணைவிடத் தெரியும். ஸ்ரெல்லாவிடம் சொல்லி உன் கைப்பேசியிலும் அது திறக்கும்படி செய்கிறேன். நிறுத்தச் சொல்லி எழுதாதே, திருத்தச் சொல்லி எழுது. எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பட்சமும் குறையாத அப்பா,
செ. கனிசியஸ்